கூகுளிடம் கேட்பதுபோல் நூலகத்திடம் கேட்டால்

"தஞ்சாவூர் விவசாயத்தில் பருவநிலை மாற்றத்தின் பாதிப்பு" என்று முழு வரியையும் நூலகக் கணினியில் தட்டினார் ஒரு மாணவர். 'முடிவுகள் இல்லை' என்றது திரை. "நம்ம லைப்ரரில ஒண்ணுமே இல்ல" என்று எழுந்து போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில், பருவநிலை பற்றிய புத்தகங்கள் ஒரு தட்டு முழுக்க இருந்தன.

அவரைக் குறை சொல்ல முடியாது. கூகுளில் பழகிய கை. கூகுள், பக்கங்களுக்குள் இருக்கும் எழுத்தையெல்லாம் படித்து வைத்திருக்கிறது. நாம் அரைகுறையாகக் கேட்டாலும் ஊகித்துக்கொள்ளும். கல்லூரி நூலகத்தின் ஆன்லைன் பட்டியலான ஓபேக் அப்படியல்ல. அது எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்த்ததே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் நூலகர் எழுதிவைத்த ஒரு சின்னக் குறிப்புதான்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, ஒன்றிரண்டு பொருள் தலைப்புகள், அலமாரி எண். 500 பக்கப் புத்தகத்துக்கும் இவ்வளவுதான்.

பழைய மர இழுப்பறைகளில் வரிசையாக நின்ற அட்டைகளின் வாரிசுதான் இந்தக் குறிப்பு. அதைக் கணினி படிக்கும்படி மாற்றும் 'மார்க்' என்ற வடிவத்தை 1960களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உருவாக்கியவர் ஹென்ரியட் ஆவ்ரம். அதில் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண் உண்டு. முதன்மை ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245, பொருளுக்கு 650. ஓபேக்கில் 'ஆசிரியர்' என்று தேர்ந்தெடுத்துத் தேடினால், ஆசிரியர் பெயர் இருக்கும் கட்டங்களை மட்டும் பார்க்கச் சொல்கிறீர்கள் என்று பொருள். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் எழுதியதும் ரங்கநாதனைப் பற்றி எழுதியதும் அப்படித்தான் பிரிகின்றன.

தேடல் எப்படி நொடியில் முடிகிறது? புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதே வேலைதான். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது எந்தெந்தக் குறிப்புகளில் வருகிறது என்ற எண் பட்டியல் முன்கூட்டியே தயாராக இருக்கும். 'நீர்' என்ற சொல்லுக்கு எதிரே 12, 45, 78, 301 என்றும், 'மாசு' என்பதற்கு எதிரே 45, 90, 301 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துத் தேடினால் இரண்டு பட்டியலுக்கும் பொதுவான 45, 301 மட்டும் வரும். 'அல்லது' போட்டால் ஐந்தும் வரும். நீர் வேண்டும், மாசு வேண்டாம் என்றால் 12, 78.

பெரும்பாலான ஓபேக்குகள், இரண்டு சொல்லைத் தட்டினால் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றே எடுத்துக்கொள்கின்றன. ஆக, சொல் கூடக் கூட முடிவு குறையும். அந்த மாணவர் ஐந்து சொல் போட்டார். ஐந்தும் ஒரே குறிப்பில் இருந்தால்தான் உண்டு. 'பருவநிலை' என்று மட்டும் போட்டிருந்தால் அந்தத் தட்டு முழுக்கத் திரைக்கு வந்திருக்கும்.

தமிழில் தேடுவதற்கு இன்னும் கொஞ்சம் தந்திரம் வேண்டும். 'மரம்' என்று தேடினால் 'மரங்கள்', 'மரத்தின்' என்று தலைப்புள்ள புத்தகங்கள் வராமல் போகலாம். பன்மை விகுதியோ வேற்றுமை உருபோ ஏறியதும் கணினிக்கு அது வேறு சொல். சொல்லின் மாறாத பகுதியைப் போட்டுப் பின்னால் நட்சத்திரக் குறி வைப்பது இதற்கு வழி: 'நூலக*' என்றால் நூலகம், நூலகத்தில், நூலகர் எல்லாம் கிடைக்கும். அதற்காக ரொம்பவும் வெட்டிவிடக் கூடாது. 'மர*' என்று போட்டால் மரபணுவும் மரணமும் சேர்ந்து வந்து நிற்கும்!

அப்புறம், ஒரே பொருளுக்குப் பல சொல். கணினி, கணிப்பொறி, கம்ப்யூட்டர், இலங்கைப் பதிப்பென்றால் கணனி. நான்கையும் 'அல்லது' போட்டு இணைக்காமல் தேடினால் பாதிப் புத்தகங்கள் கண்ணில் படாது.

கண்ணுக்கே தெரியாத சிக்கலும் ஒன்று உண்டு. 'கௌதமன்' என்பதில் வரும் ஔகாரக் குறியின் பின்பாதி பார்க்க 'ள' போலவே இருக்கும். பட்டியலில் ஏற்றியவர் ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்துமாகத் தட்டியிருந்தால், திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. கணினியோ இரண்டும் வேறு பெயர் என்று சாதிக்கும். இப்படிச் சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, தலைப்பில் உள்ள இன்னொரு சொல்லால் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

பெயர் என்றதும் ரங்கநாதனுக்கே வருகிறேன். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் பெயரையே தேடிப் பாருங்கள்: எஸ். ஆர். ரங்கநாதன், சீ. இரா. அரங்கநாதன், இரங்கநாதன். நேரம் எங்கே மிச்சமாகிறது? நல்ல பட்டியலில் இந்த வடிவங்களையெல்லாம் ஒரே ஆளுக்கு இணைத்திருப்பார்கள். இல்லாத இடத்தில் முன்னெழுத்துகளை விட்டுவிட்டு, பெயரை மட்டும் இரண்டு மூன்று விதமாகத் தேடிப் பார்க்க வேண்டியதுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் தமிழ்ப் புத்தகம் தேடுவோருக்கு ஒரு கூடுதல் தகவல். அங்கே ஒலியை அல்ல, எழுத்தை வைத்தே தமிழை ரோமன் எழுத்துக்கு மாற்றுகிறார்கள். 'ச' எங்கே வந்தாலும் சி, 'க' எங்கே வந்தாலும் கே. ஆகவே சங்கம் அங்கே எஸ்ஸில் தொடங்காது. சி, ஏ, என், கே, ஏ, எம். கணேசனும் ஜியில் இல்லை, கேயில் இருப்பார். இது தெரியாமல் நான் வீணாக்கிய மாலை நேரங்கள் பல.

பொருள் தலைப்புதான் ஓபேக்கிலேயே மதிப்பு மிக்க பகுதி என்பேன்; அதை யாரும் தொடுவதே இல்லை. ஒரே விஷயத்தைப் பத்து ஆசிரியர்கள் பத்துப் பெயரில் எழுதினாலும், நூலகர் எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை குத்துகிறார். அந்த முத்திரை நாம் பேசும் சொல்லாக இருக்காது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைப்புப் பட்டியலில் ஹார்ட் அட்டாக் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்', கார் 'ஆட்டோமொபைல்ஸ்'. சமையலுக்கு 2010 வரை 'குக்கரி' என்றிருந்ததை 'குக்கிங்' என்று மாற்றினார்கள். இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எப்படியாவது பொருத்தமான ஒரு புத்தகத்தைப் பிடியுங்கள். அதன் குறிப்பில் உள்ள பொருள் தலைப்பை அழுத்துங்கள். நூலகத்தில் அதே முத்திரை உள்ள அத்தனையும் வந்துவிடும்.

ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டும் இதில் தேடாதீர்கள். அவை பெரும்பாலும் ஓபேக்கில் இருக்காது. கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தரும் 'என்-லிஸ்ட்' திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால் நூலகரிடம் கணக்கு கேட்டு வாங்கி, அங்கே தேடலாம்.

சரி, புத்தகம் கிடைத்தது, 'உள்ளே இருக்கிறது' என்கிறது திரை. 'கால் நம்பர்' எனப்படும் அலமாரி எண்ணை முழுதாக எழுதிக்கொண்டு போங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி முறையில் 894.811 வரை மட்டும் எழுதிக்கொண்டால் தமிழ் இலக்கியம் மொத்தமும் எதிரே நிற்கும். அதற்கடுத்த 1 கவிதை, 3 புனைகதை. அலமாரியில் அந்த எண்ணுக்கு இரண்டு பக்கமும் கண்ணை ஓட்டினால், தேடாத நல்ல புத்தகமும் சிக்கும்.

அங்கே இல்லையென்றால் வாசிப்பு மேசைகளையும், திரும்பி வந்தவை கிடக்கும் தள்ளுவண்டியையும் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு கல்லூரியில் நான் இரண்டு வாரம் தேடிய இயற்பியல் வேதியியல் புத்தகத்தின் எண் 541. அது 514இல், இடத்தியல் கணிதப் புத்தகங்களுக்கு நடுவே சாய்ந்து நின்றது.