விலை தெரியாத நாக்கு

ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் ஒயின்தான் பிரமாதம் என்றார்கள் குடித்தவர்கள். பெருமைக்குச் சொன்ன பொய்யல்ல. 2008இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில், அவர்கள் எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்துக்கொண்டே சுவைத்தார்கள்; விலை கூடியபோது, இன்பத்தை மதிப்பிடும் மூளைப்பகுதியும் கூடுதலாக இயங்கியது. பின்னர் விலை சொல்லாமல் கொடுத்தபோது அந்த வேறுபாடு காணாமல் போனது.

ஆகவே மலிவான சிவப்பு ஒயின்களை எடைபோட விரும்பினால் முதலில் புட்டிகளைத் துணியால் சுற்றிவிட வேண்டும். அதோடு வேலை முடிந்துவிடாது. சிவப்பு ஒயினில் டானின் என்றொரு தொந்தரவு இருக்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் இந்தப் பொருள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துத் திரள வைக்கிறது. வாயின் வழுவழுப்பு போய், பால் சேர்க்காத கடுந்தேநீர் குடித்தாற்போல் நாக்கு உலர்ந்து இழுக்கிறது. அறுசுவையில் ஒன்றாக நாம் வைத்திருக்கும் துவர்ப்பை, அறிவியலாளர்கள் பெரும்பாலும் தொடுவுணர்வாகவே பார்க்கிறார்கள். ஒவ்வொரு மிடறிலும் அது கூடிக்கொண்டே போகும், சட்டென்று தணியாது. அதனால் கடைசிக் கோப்பையில் நீங்கள் குறைசொல்லும் கரகரப்பு, அதற்கு முந்தைய கோப்பைகளின் மிச்சமாகவும் இருக்கலாம். நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் கொடுத்து, சற்று இடைவெளி விடுவது இதற்காகத்தான்.

மதிப்பெண்ணை விலையால் வகுத்து 'காசுக்கேற்ற ஒயின்' எது என்று கண்டுபிடிப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அது வெறும் கணக்கு விளையாட்டு. ஒயின் விமர்சகர்களின் புகழ்பெற்ற 100 புள்ளி முறையில் எந்த ஒயினுக்கும் 50 இலவசம். கடைக்கு வருபவை பெரும்பாலும் 80க்கு மேல்தான் நிற்கின்றன. 6 டாலர் ஒயினுக்கு 84 என்றால் டாலருக்கு 14 புள்ளி. 12 டாலர் ஒயின் 92 வாங்கினாலும் எட்டைத் தொடாது. இந்தக் கணக்கில் பெரும்பாலும் மலிவானதே ஜெயிக்கும், சுவைக்கவே தேவையில்லை. அதைவிட, விலை தெரியாமலே 'இதற்கு எவ்வளவு கொடுப்பேன்' என்று ஒவ்வொருவரும் எழுதிவைத்து, பிறகு துணியை அவிழ்ப்பது நேர்மையான வழி.

அப்படி எழுதும் எண்ணையும் எவ்வளவு நம்பலாம்? கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை வைத்துச் சோதித்தார் ஒயின் தயாரிப்பாளரான ராபர்ட் ஹாட்ஜ்சன். ஒரே பதக்கத் தரத்துக்குள் மூன்றையும் அடக்கியவர்கள் சுமார் பத்தில் ஒருவர்தான். தேர்ந்த நடுவர்களே பொதுவாக நான்கு புள்ளி மேலும் கீழும் ஆடினார்கள்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ஏதாவதொரு ஒயினை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, மற்றவற்றோடு கலந்து வைக்கச் சொல்லுங்கள். அந்த இரட்டையருக்கு நீங்கள் போட்ட எண்கள் ஐந்து புள்ளி விலகியிருந்தால், வேறு இரண்டு புட்டிகளுக்கிடையே வந்த மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் விலை குறைந்ததை வாங்கிக்கொள்ளலாம்.