மலட்டு ஈக்களின் மதில்

நம்மூரில் மாட்டுப் புண்ணில் புழு வைத்துவிட்டால் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள். சீதா இலையை அரைத்தும் வைப்பார்கள். அமெரிக்காவில் இதே மாதிரித் தொல்லைக்கு விமானத்திலிருந்து ஈக்களைக் கொட்டினார்கள். கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பலித்தது.

அங்கே இருந்தது நம்மூர் ஈயின் தூரத்து உறவு. சாதாரணப் புழு அழுகிய சதையைத் தின்னும். இது உயிருள்ள சதையைத் தின்னும். உண்ணி கடித்த இடம், காதில் அடையாள வில்லை குத்திய துளை, பிறந்த கன்றின் ஈரம் காயாத தொப்புள், எதுவானாலும் போதும். பெண் ஈ ஓரத்தில் உட்கார்ந்து 200, 300 முட்டைகளை இட்டுவிடும். ஒரே நாளில் பொரிந்த புழுக்கள் தலைகீழாகத் துளைத்து இறங்கும். திருகாணி போல இறங்குவதால் திருகுப்புழு என்று பெயர். அந்த நாற்றத்துக்கு இன்னும் ஈக்கள் வரும். கவனிக்காமல் விட்டால் வளர்ந்த மாடே செத்துவிடும்.

அமெரிக்க வேளாண் துறையின் எட்வர்ட் நிப்லிங், 1930களில் இந்த ஈயிடம் ஒரு வினோதத்தைக் கவனித்தார். ஆண் ஈ பலமுறை கூடும். பெண் ஈ வாழ்நாளில் ஒரே முறைதான். அந்த ஒரு முறை மலட்டு ஆணோடு முடிந்துபோனால், அவள் இடும் முட்டை எதுவும் பொரியாது. கூட்டுப்புழுப் பருவத்தில் கதிர்வீச்சுக் கொடுத்தால் ஈ மலடாகும் என்பதை அவருடைய சகா ரேமண்ட் புஷ்லேண்ட் சோதித்துக் காட்டினார்.

இதன் கணக்குதான் அழகு. காட்டில் ஒரு நல்ல ஆணுக்கு ஒன்பது மலட்டு ஆண்களை விட்டால், பத்துப் பெண்களில் ஒன்பது பேர் வீணாகிறார்கள். அடுத்த தலைமுறையில் காட்டு ஈக்கள் குறைந்திருக்கும், நாம் விடுவதோ அதே அளவு. இப்போது ஒன்றுக்கு ஒன்பது என்பது ஒன்றுக்குத் தொண்ணூறு பக்கம் போய்விடும். பூச்சிமருந்தென்றால் கடைசி ஈயைத் தேடிப் பிடிப்பதுதான் ஆகக் கடினம். இங்கே கடைசி ஈயை அதன் காதலனே தேடிப் பிடித்துவிடுகிறான்!

1954இல் கரீபியக் கடலின் குராசோ தீவில் ஆடுகளைப் பிடித்திருந்த ஈ சில மாதங்களில் ஒழிந்தது. 1966இல் அமெரிக்கா, 1991இல் மெக்சிகோ, 2006இல் பனாமா. அதற்குக் கீழே கொலம்பிய எல்லையிலுள்ள டேரியன் காட்டில், வாரந்தோறும் மலட்டு ஈக்களைத் தூவி ஒரு மதிலை நிறுத்தினார்கள். தென் அமெரிக்காவில் ஈ இருக்கும்வரை அந்த மதிலுக்கு விடுமுறை கிடையாது.

2023இல் மதில் உடைந்தது. ஈ நாடு நாடாக வடக்கே ஏறி, 2024 நவம்பரில் மெக்சிகோவின் தென்கோடி மாநிலமான சியாபஸை எட்டியது. அமெரிக்கா மெக்சிகோ மாடுகளுக்கு எல்லையை மூடியது. இடையில் திறந்து, 2025இல் மறுபடி மூடியது. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மெக்சிகோக் கன்றுகள் அந்த வழியாகத்தான் டெக்சஸ் பக்கத்துத் தீவனக் கொட்டில்களுக்குப் போய்க் கொழுத்துக்கொண்டிருந்தன.

நேரமும் மோசம். வறட்சியில் விவசாயிகள் மந்தையைக் குறைத்திருந்ததால், 2025 ஜனவரியில் அமெரிக்காவில் இருந்தவை 8.67 கோடி மாடுகள். 1951க்குப் பின் அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. கன்று விற்பவருக்கு நல்ல விலை. கொட்டில்காரருக்கும் இறைச்சி ஆலைக்கும் வெறும் தொழுவம். மந்தையைப் பெருக்கக் கிடாரியை விற்காமல் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் இன்றைய இறைச்சி இன்னும் குறையும். பால்குடி மறந்த கிடாரி சினைபிடித்து, ஒன்பது மாதம் சுமந்து, அந்தக் கன்று வெட்டுக்கு வளர ஏறக்குறைய மூன்று ஆண்டு.

சியாபஸில் ஒரு காலத்தில் வாரத்துக்கு 50 கோடி மலட்டு ஈக்கள் வரை உற்பத்தி செய்த ஆலை இருந்தது. ஈதான் ஒழிந்துவிட்டதே என்று 2012இல் மூடினார்கள். மிஞ்சியது பனாமா ஆலை, வாரத்துக்குச் சுமார் 10 கோடி. மதில் உடைந்த பிறகு, டெக்சஸில் வாரத்துக்கு 30 கோடி ஈக்களை உற்பத்தி செய்யும் ஆலை கட்டப்போவதாக 2025இல் அறிவித்தார்கள்.