325 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

தைப்பூசத்துக்குப் பினாங்கிலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகக் குடும்பத்தோடு கோலாலம்பூரின் சிப்பாங் விமான நிலையத்தில் காத்திருந்தோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன் என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான். "மாமா, பினாங்குக்கு வான்வழியா 325 கிலோமீட்டர்தானே? விமானம் மணிக்கு 800 போகுது. 24 நிமிஷத்துல போயிடணுமே! இதுல ஏன் ஒரு மணி நேரம்னு போட்டிருக்கு?"

அருமையான கேள்வி. அவன் வகுத்ததும் சரி. ஆனால் அந்த 800 என்ற வேகம் இந்தப் பயணத்தில் சில நிமிடங்களே நீடிக்கிறது.

அட்டவணையில் உள்ள நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகரும்போதே தொடங்கிவிடும். பினாங்கில் போய் நின்றால்தான் முடியும். சிப்பாங் பெரிய நிலையம். ஓடுபாதை முனைவரை ஊர்ந்து, வரிசையில் நின்று கிளம்பவே பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். அங்குள்ள ஓடுபாதைகள் வடமேற்கு, தென்கிழக்காக அமைந்தவை. பினாங்கு இருப்பது வடமேற்கில். விமானம் எதிர்க்காற்றில்தான் எழும்பும் என்பதால், தென்கிழக்கிலிருந்து காற்று வீசும் நாளில் பினாங்குக்கு முதுகைக் காட்டிக் கிளம்பி, பிறகு வளைந்து திரும்ப வேண்டும்.

எழும்பிய பிறகும் முழு வேகத்தில் பறந்துவிட முடியாது. பெரும்பாலான வான்வெளிகளில் 10,000 அடிக்குக் கீழே வேகம் மணிக்கு 250 கடல் மைலைத் (250 knots) தாண்டக் கூடாது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். விமானங்கள் நெருங்கிப் புழங்கும் உயரம் அது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இறக்கம். விமானிகள் மனக்கணக்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்கவும் மூன்று கடல் மைல் தூரம் வேண்டும். 24,000 அடியில் பறப்பதாக வைத்துக்கொண்டால் 72 கடல் மைல், அதாவது 133 கிலோமீட்டர். வழியிலுள்ள சித்தியவான் வட்டாரத்தை நெருங்கும்போதே பினாங்குக்கு இறங்கத் தொடங்க வேண்டும்! காரணம், ஜெட் விமானம் காற்றை வழுக்கிக்கொண்டு போகும்படி வடிக்கப்பட்டது. மேட்டிலிருந்து சைக்கிளில் மிதிக்காமல் இறங்கினாலும் வேகம் கூடுகிறதல்லவா? அதுபோல, மூக்கைச் செங்குத்தாகத் தாழ்த்தினால் வேகம் எகிறிவிடும். அதனால் எஞ்சினை அடக்கிவைத்து, மெல்லிய சரிவில் சறுக்கிக்கொண்டே வருகிறார்கள். காது அடைப்பதை உணரும்போது நீங்கள் அந்தச் சரிவில்தான் இருக்கிறீர்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஏறுவதற்குச் சுமார் 100 கிலோமீட்டர், இறங்குவதற்கு 133. சமதளமாகப் பறக்க மிஞ்சுவது 90 கிலோமீட்டர் போல. 800 வேகத்தில் ஏழு நிமிடம். பணிப்பெண் தண்ணீர் கொடுத்த கையோடு குவளையைத் திரும்ப வாங்க வருவது இதனால்தான்.

கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுபாங் விமான நிலையத்திலிருந்து புறப்படும் ஏடிஆர் சுழல்விசிறி விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர்தான். அதுவும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பினாங்கு போய்விடுகிறது. சுபாங்கிலிருந்து தூரம் 280 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரமும் குறைவு. குறுந்தூரத்தில் ஜெட்டின் வேகத்துக்கு வேலையே இல்லை.

சென்னைக்குப் போகும்போது கதை மாறுகிறது. கோலாலம்பூரிலிருந்து 2,630 கிலோமீட்டர். பயணம் நான்கு மணி நேரத்தை ஒட்டி வரும். ஏற்றமும் இறக்கமும் இதிலும் உண்டு, ஆனால் நடுவில் நீண்ட சமதளப் பறப்பு கிடைக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்றோட்டம் உண்டு. போகும்போது அது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் மோதும்.

கடிகாரமும் குழப்பும். இரவு 8 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் 9.30க்கு இறங்கலாம், ஒன்றரை மணி நேரப் பயணம் போலத் தோன்றும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது என்பதே காரணம். 1982இல் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்படும்வரை அந்த வித்தியாசம் இரண்டு மணிதான்.

அக்கா மகன் சன்னலோரம் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். எஞ்சின் சத்தம் திடீரென்று தணிந்ததும் என் கையைப் பிடித்தான். "மாமா, சறுக்க ஆரம்பிச்சிட்டோம்!"