இயந்திரத்துக்கு எத்தனை வயது?

இந்த ஜூன் மாதத்தில் மட்டும் ஆறாவது ஆள் அவர். பண்ருட்டிப் பக்கம் பலா மண்டி வைத்திருப்பவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அறைக்குள் வந்து உட்காரும் முன்னரே, மகனின் ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் எண், எவ்வளவு என்று ஏஐ செயலி சொன்னதைக் காட்டப் போனை நீட்டிவிட்டார்.

"பாருங்க மேடம். பத்துக் கேள்வியில நாலுதான் சரி. 92-ன்னு போட்டுருச்சு. கேள்வியும் அதுவே கேக்குது, பதிலும் அதுவே சொல்லுது. இவனால முடியல."

'இவன்' பக்கத்து நாற்காலியில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்பு. (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வீட்டில் நாலு நாளாக அவன் பெயரே தொண்ணூத்திரண்டு.

இருபது வருடமாகக் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை செய்கிற உளவியலாளர் நான். அதனால் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஐக்யூ என்பது உயரம் மாதிரியோ எடை மாதிரியோ உடம்புக்குள் இருக்கும் ஒரு அளவு இல்லை. அது வரிசையில் நிற்கும் இடம். ஒரே வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே கேள்விகளை ஒரே முறையில் கொடுத்து, அவர்களின் சராசரிக்கு 100 என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். உங்கள் பிள்ளை அந்த வரிசையில் எங்கே நிற்கிறான் என்பதுதான் அந்த எண். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில்தான் இருப்பார்கள். அதனால் 92 உண்மையாகவே வந்திருந்தாலும் அது சராசரிதான்; தலையில் கை வைக்க ஒன்றுமில்லை. ஆனால் போனில் வந்தது அந்த 92-கூட இல்லை. அங்கே வரிசையே கிடையாது. எந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடும் அது உங்கள் மகனை ஒப்பிடவில்லை. இப்படிப்பட்ட பேச்சுக்கு அடுத்து எப்படிப்பட்ட எண் வரும் என்று பார்த்து, ஒன்றை எழுதிக் கொடுத்தது.

"அந்த ஏஐ-யோட ஐக்யூ 130-ஆமே?" என்று அடுத்த கேள்வி வரும். நான் திருப்பிக் கேட்பேன்: அதற்கு எத்தனை வயது? யாரோடு வரிசையில் நிற்க வைத்தீர்கள்? வயதும் வரிசையும் இல்லாத ஒன்றுக்கு ஐக்யூ சொல்வது, தேவனாம்பட்டினம் கடலுக்கு எத்தனையாவது ரேங்க் என்று கேட்பது மாதிரி. போதாததற்கு, இணையத்தில் கிடக்கும் புதிர்களையும் விடைகளையும் படித்து வளர்ந்தது அது. கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டு வந்த மாணவனை நீங்கள் மெச்சுவீர்களா?

அதற்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லவில்லை. ரிப்போர்ட் எழுதும்போது வாக்கியம் திருத்த நானும் அதைப் பயன்படுத்துகிறேன். அது வேறு ஜாதி அறிவு, அவ்வளவுதான். 1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவைச் சதுரங்கத்தில் தோற்கடித்த டீப் ப்ளூ என்ற கணினி சொன்னபடி காய்களைப் பலகையில் நகர்த்த, எதிரே ஒரு மனிதர்தான் உட்கார்ந்திருந்தார். நமக்குக் கஷ்டமானது இயந்திரத்துக்குச் சுலபம், ஒரு வயதுக் குழந்தை அலட்டிக்கொள்ளாமல் செய்வது அதற்குப் பெரும்பாடு என்று ரோபோ ஆராய்ச்சியாளர் மொராவெக் 1988-லேயே எழுதிவிட்டார்.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். நாலு வரிப் பத்தி ஒன்றைப் படிக்கச் சொன்னேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறின, துணைக்கால் விட்டுப்போனது, மூன்று நிமிடம் ஆனது. கேட்டதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்புறம் அதே அளவில் இன்னொரு பத்தியை நானே வாசித்துக் காட்டினேன். ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னான், அதில் ஒன்று நான் யோசிக்காத பதில்.

போனில் அவன் சறுக்கியது எதில் என்று இப்போது புரிகிறதா? கேள்வியைப் படிப்பதில்.

பேச்சு மண்டிக்குப் போனதும் ஆளே மாறிவிட்டான். பலாவைத் தட்டினால் முற்றாத காய் கெட்டியாகச் சத்தம் கொடுக்குமாம், முற்றியது உள்ளே கூடு விழுந்த மாதிரி மந்தமாகக் கேட்குமாம். முள் விரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, எந்தப் பழம் எத்தனை நாளில் பழுக்கும் என்று பிரித்து வைப்பவன் இவன்தான். அப்பாவே ஒப்புக்கொண்டார்: "அதுல தப்பு பண்ண மாட்டான் மேடம்." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதைச் சொன்னால், உடனே கைரேகை பார்த்து 'எட்டு வகை அறிவு' சொல்லும் கடைக்குப் போய்விடாதீர்கள், தயவுசெய்து! உளவியலாளர் கார்ட்னர் 1983-ல் அறிவு பலவகை என்று சொன்னார். ஆராய்ச்சியாளர்கள் அதிலேயே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். விரல் ரேகைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எங்கள் துறையும் சுத்தம் இல்லை. இருபது நிமிடத்தில் ஒரு எண்ணை எழுதி சீல் குத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். 1905-ல் பாரிஸில் முதல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கிய உளவியலாளர் பினேயின் நோக்கம், பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது. அறிவை நீளம் அளப்பது போல அளக்க முடியாது என்று அவரே எச்சரித்தார். நாம் பிள்ளையை ஓரங்கட்ட அதைப் பயன்படுத்துகிறோம்.

பிள்ளை படிக்கத் திணறினால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அப்புறம் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம், புதுச்சேரிப் பக்கம் என்றால் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. கற்றல் குறைபாடு என்று உறுதியானால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு பிப்ரவரியில் வந்து நின்றால் நான் என்ன செய்ய முடியும்?

ரிப்போர்ட் வாங்கினால் எந்தச் சோதனை, எந்த மொழியில் செய்தார்கள் என்று கேளுங்கள். எண்ணைப் பிள்ளை முன்னால் சொல்லாதீர்கள். மாமா, சித்தப்பா வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள்.

என்னிடம் வருபவர்கள் பிள்ளையின் இரண்டு வருடத்து நோட்டுகள், மதிப்பெண் பட்டியல், கண்ணாடி போட்டிருந்தால் அந்தச் சீட்டு எல்லாம் எடுத்து வாருங்கள். காலையில் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.