ஓர் உள்ளங்கை அளவு சாலை

விடியற்காலை 5 மணிக்கு மலேசியாவின் காராக் பட்டணத்து எண்ணெய் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கப்சாய் எனப்படும் சின்ன மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டிருப்பார்கள், ஜிப் முதுகுப் பக்கம் இருக்கும். மலைக்காற்று நெஞ்சில் அடிக்கும்போது ஜிப்பின் இடுக்கு வழியாக உள்ளே நுழையக் கூடாதல்லவா, அதற்காக. இவர்களுடைய தாத்தா பாட்டிகள் இதே நேரத்தில் தோட்டத்துப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்றவர்கள். ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தில் ஆள் தேவை குறைந்தது. வேலை மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, வீடு இந்தப் பக்கமே இருக்கிறது. நடுவில் தித்திவங்சா மலைத்தொடர். அதைத் தாண்டிப் போவது காராக் நெடுஞ்சாலை, கோலாலம்பூர் ஓரத்தில் இருக்கும் கோம்பாக் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

என் அக்காள் மகன் போன மாதம்தான் இந்த ஓட்டத்தில் சேர்ந்தான். நான் இதே சாலையில் ஒன்பது வருடம் வேலைக்குப் போய் வந்தவன் என்பதால் என்னிடம் வந்து கேட்டான்: “மாமா, பெந்தோங் தாண்டுனதும் வளைவு ஆரம்பிக்குதில்ல, அங்க வண்டி என் பேச்சைக் கேட்கவே மாட்டேங்குது. ஹேண்டலை இடப்பக்கம் திருப்பப் பார்த்தா அது வலப்பக்கம் போற மாதிரி இருக்கு.”

அவன் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. வருடக்கணக்காக மோட்டார் ஓட்டும் பலர் கவனிக்காத ஒன்றை அவன் ஒரே மாதத்தில் கவனித்திருக்கிறான். அதைச் சொல்வதற்கு முன்னால் டயரிலிருந்து தொடங்க வேண்டும்.

கப்சாயின் எடை ஏறக்குறைய 100 கிலோ. ஓட்டுகிறவர் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 170 கிலோ. டயரில் 30 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு, அளவுக்குக் காற்று இருக்கிறது. இந்த எடையைத் தாங்க டயர் எவ்வளவு நசுங்கித் தரையில் படியும் என்பதைப் பெரும்பாலும் இந்தக் காற்றழுத்தம்தான் முடிவு செய்கிறது. கணக்குப் போட்டால் இரண்டு டயரும் சேர்ந்து சுமார் 80 சதுர சென்டிமீட்டர் வரும். விரல்களை விட்டுவிட்டு உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். வண்டியை முன்னே தள்ளுவது, நிறுத்துவது, வளைவில் திருப்புவது எல்லாமே அந்த உள்ளங்கை அளவு ரப்பர் சாலையைப் பிடித்துக்கொள்வதால் நடக்கிறது. வேறு பிடிமானம் எதுவும் வண்டிக்குக் கிடையாது.

சரி, இப்போது அவன் கேள்விக்கு வருவோம். சின்ன வயதில் ஒரு கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்போம். நிற்கிற கம்பை இடப்பக்கம் சாய்க்க வேண்டுமென்றால் கையை எந்தப் பக்கம் நகர்த்துவோம்? வலப்பக்கம். அடி வலப்பக்கம் போனால் நுனி இடப்பக்கம் சாயும். மோட்டாரும் அந்தக் கம்பு மாதிரிதான். கனம் மேலே இருக்கிறது, தாங்குகிற இடம் கீழே டயரில் இருக்கிறது. இடப்பக்கம் திரும்ப முதலில் வண்டி இடப்பக்கம் சாய வேண்டும். அதற்கு டயர்கள் ஒரு கணம் வலப்பக்கம் விலக வேண்டும். இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளினால் முன்சக்கரம் துளி அளவு வலப்பக்கம் திரும்புகிறது, டயர்கள் அந்தப் பக்கம் நகர்கின்றன, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பிறகு முன்சக்கரம் தானாகவே இடப்பக்கம் திரும்பி வளைவைப் பிடித்துக்கொள்கிறது. இடப்பக்கம் போக இடது கையைத் தள்ளு, வலப்பக்கம் போக வலது கையைத் தள்ளு. கூட்ட நெரிசலில் நடை வேகத்தில் ஊரும்போது இப்படி இல்லை, அங்கே ஹேண்டலைத் திருப்பிய பக்கம் வண்டி போகும். வேகம் 20, 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் கைப்பிடியைத் தள்ளித்தான் வண்டி திரும்புகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆகாய விமானத்தை உருவாக்கிய சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று அவர் பல சைக்கிள் ஓட்டிகளிடம் கேட்டுப் பார்த்தார். செய்வதைச் சரியாகச் செய்கிற அவர்கள், எப்படிச் செய்கிறோம் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை. உடம்புக்குத் தெரிந்தது மனதுக்குத் தெரியவில்லை. சமதரையில் இதனால் நஷ்டம் எதுவும் இல்லை. மலை வளைவில் உண்டு. நினைத்ததைவிட வளைவு இறுக்கமாக வந்துவிட்டால் பயந்த மனது ஹேண்டலை வளைவுப் பக்கமாகத் திருப்பச் சொல்லும். திருப்பினால் வண்டி நிமிர்ந்துகொண்டு வளைவை விட்டு வெளியே போகும். என் மருமகனுக்கு நடந்தது இதுதான்.

எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 60 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். அதில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் 18 பாகை சாய வேண்டும். 60இல் போனால் 25 பாகை. 80இல் போனால் 40 பாகை. 60க்கும் 80க்கும் நடுவில் வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை கிட்டத்தட்ட 1.8 மடங்காகிவிடுகிறது. விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதே இதற்குக் காரணம். அதனால்தான் மலை வளைவில் 10 கிலோமீட்டர் வேகத்தைக் குறைப்பது நேர்ச்சாலையில் குறைப்பதைவிடப் பெரிய காரியம்.

இந்தக் கணக்கில் எடை வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் சாய வேண்டிய கோணம் அதேதான். எடை கூடும்போது திருப்புவதற்கு வேண்டிய விசை கூடுகிறது, டயரின் பிடிமானமும் ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது. பின்னால் உட்கார்ந்தவர் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால்தான் சிக்கல். அப்போது வண்டி மட்டும் இன்னும் அதிகமாகச் சாய வேண்டியிருக்கும், கால்மிதி சாலையில் உரசும். தங்கச்சியையோ மனைவியையோ ஏற்றிப் போகிறவர்கள் முதலிலேயே ஒன்று சொல்லி வைக்கலாம்: வளைவில் ஓட்டுகிறவரின் உள்பக்கத் தோளுக்கு மேலாகப் பாருங்கள் என்று. பார்வை போகிற பக்கம் உடம்பும் தானாகப் போகும்.

இனி மழை. இந்த மலையில் மத்தியானம் தாண்டினால் எந்த நேரமும் வரலாம். காய்ந்த நல்ல சாலையில் டயர் தன் மேல் இருக்கும் எடையில் 80 சதவீதமோ அதற்கு மேலோ பக்கவாட்டு விசையாகத் தாங்கும். ஈரத்தில் அது பாதி அளவுக்கு இறங்கிவிடலாம். நாம் பார்த்த வளைவில் 60இல் போனால் தேவைப்படுவது 47 சதவீதம். காய்ந்த சாலையில் தாராளமாக மிச்சம் இருக்கும், ஈரச்சாலையில் விளிம்பில் நிற்போம். 50இல் போனால் 33 சதவீதம் போதும்.

மழையிலும் முதல் பத்து நிமிடம்தான் மோசமானது. பல நாள் வெயிலில் சாலையில் சேர்ந்த எண்ணெய்த் துளிகள், டயர்த் தூள், மண் எல்லாம் முதல் தூறலில் குழைந்து ஒரு வழுவழுப்பான படலமாகிவிடுகின்றன. நன்றாக அடித்துப் பெய்த பிறகு அவை கழுவிக்கொண்டு போய்விடும். கப்சாயின் டயர் ஒல்லியானது, வட்டமானது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விடும். அதனால் தண்ணீர் மேல் மிதப்பது என்ற ஆபத்து அதற்குக் குறைவு. அந்தப் படலமும், வெள்ளைக் கோடும், பாலத்து இணைப்பில் இருக்கும் இரும்புப் பட்டையும்தான் ஆளை விழத்தாட்டும்.

நான் ஒருமுறை விழுந்தேன். இரண்டு வாரம் மழை இல்லாமல் இருந்து தூறல் தொடங்கிய ஒரு மாலை, மலையிலிருந்து பெந்தோங் பக்கம் இறங்குகிற ஓர் இடது வளைவு. சாலையில் வானவில் நிறத்தில் நீளமாக ஒரு கறை தெரிந்தது. ஏதோ ஒரு லோரியின் டாங்கி முழுக்க நிரம்பி, வளைவில் ததும்பிச் சிந்திய டீசல். பார்த்ததும் பயந்து முன் பிரேக்கைப் பிடித்தேன். கறையைத் தொடுவதற்கு முன்பே முன்சக்கரம் போய்விட்டது. என்னைத் தள்ளியது டீசல் இல்லை, என் கை. தோள் மூட்டு குணமாக நான்கு மாதமானது. ஏன் அப்படி நடந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒன்றே ஒன்று. அதைத் திருப்பத்துக்கும் பிரேக்குக்கும் பங்கு போட வேண்டும். பங்கு போடுகிற விதம் செங்கோண முக்கோணக் கணக்கு. பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்துக்குப் பிடிமானத்தில் 80 சதவீதம் செலவானால் பிரேக்குக்கு 60 சதவீதம் மிச்சம் இருக்கும். திருப்பத்துக்கே 95 சதவீதம் போனால் பிரேக்குக்கு மிஞ்சுவது 31 சதவீதம்தான். நான் அன்று ஈரத்தில் அந்த விளிம்பில் போய்க்கொண்டிருந்தேன், மிச்சமே இல்லாத இடத்திலிருந்து கேட்டேன். வேகத்தைக் குறைக்க வேண்டியது வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்திருக்கும்போது. அப்போது அந்த உள்ளங்கை முழுவதும் பிரேக்குக்கே கிடைக்கும்.

எவ்வளவு குறைப்பது என்பதைச் சாலையே சொல்கிறது. வளைவில் சாலையின் இரு ஓரங்களும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியும். நாம் போகப் போக அந்தப் புள்ளியும் விலகிப் போனால் வளைவு விரிகிறது என்று பொருள். புள்ளி விலகாமல் நம்மை நெருங்கி வருவது போலத் தெரிந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் அதிகம். மூடுபனி இறங்கும் காலையில் சாலை மலையைக் கடக்கும் கெந்திங் செம்பா பக்கம் 40 மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாத நேரம் உண்டு. மணிக்கு 80இல் போகிறவருக்கு, கண் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகும் ஒரு வினாடிக்குள் 22 மீட்டர் கழிந்துவிடும். காய்ந்த சமதரையிலேயே நின்று முடிய மொத்தம் 58 மீட்டர் ஆகும். 60இல் போனால் 37. 1992 முதல் நம் நாட்டில் பகலிலும் மோட்டாருக்கு முன்விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் இருப்பதன் அருமை அந்தப் பனியில் தெரியும்.

செம்பாவைத் தாண்டி கோம்பாக் பக்கம் இறங்கும்போது இன்னொரு கணக்கு. 170 கிலோ 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல், கிட்டத்தட்ட 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. ஆனால் வேகம் 60இலிருந்து 40க்குக் குறைந்தால் காற்றின் எதிர்ப்பு பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் ஒரே சரிவில் மெதுவாக இறங்கும்போதுதான் பிரேக்குக்கு வேலை அதிகம். லோரிக்குப் பின்னால் ஊர்ந்து இறங்கி வந்த நாளில் பிரேக் ஏன் தளர்ந்து போனது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். பழைய கப்சாயின் டிரம் பிரேக் சூடேறினால் டிரம் வெளிப்பக்கமாக விரிந்து கட்டைகளை விட்டு விலகும், கைப்பிடி முன்பைவிட ஆழமாக இறங்கும். டிஸ்க் பிரேக்கில் அந்தக் குறை இல்லை, ஆனால் அதன் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 வகை பிரேக் எண்ணெய் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 பாகை வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி வரும், குமிழி நசுங்கும், பிரேக் பிடிக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

இதற்குத்தான் இறக்கத்தில் கியரைக் குறைக்கச் சொல்வது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மூன்றாவது கியரில் இறங்கினால் சக்கரம் இஞ்சினைச் சுற்றவைக்கிறது. காற்றை இழுக்க வழியில்லாமல் இஞ்சின் திணறுகிறது, அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. சூடு பிரேக்குக்குப் போகாமல் இஞ்சினோடு போய்விடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் மிகக் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், அந்த உதவி கிடைக்காது.

லோரிக்கு இதே கணக்கைப் போட்டால் மனம் பதறும். 40 டன் லோரி அதே 500 மீட்டர் இறங்கினால் 650 லிட்டர் தண்ணீருக்கு மேல் கொதிக்கவைக்கும் சூடு. இறக்கத்தில் கருகிய வாடை வந்தால் அந்த லோரிக்கு முன்னால் இருக்காதீர்கள். லோரி நம்மைக் கடக்கும்போது அதன் மூக்கு தள்ளும் காற்று முதலில் நம்மை இடப்பக்கம் தள்ளும், பிறகு அதன் நடுப்பகுதி வலப்பக்கம் இழுக்கும். கைகளை இறுக்கிப் பிடித்திருந்தால் உடம்பின் ஆட்டம் முழுவதும் ஹேண்டலுக்குப் போய் வண்டி இன்னும் ஆடும். முழங்கையைத் தளர்த்தி, முட்டியால் வண்டியைப் பிடிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டிகள் வராத நேரம் பார்த்து, சந்தைக்குப் பின்னால் இருக்கும் காலி நிறுத்துமிடத்துக்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். 35 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து, இடது உள்ளங்கையால் மட்டும் லேசாகத் தள்ளச் சொன்னேன். முதல் தடவை பயந்து விட்டுவிட்டான். மூன்றாவது தடவை வண்டி சொன்னபடி சாய்ந்து திரும்பியது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, “இத்தனை நாளும் நான் இதைத்தான் மாமா செஞ்சுக்கிட்டு இருந்தேனா?” என்று கேட்டான்.

“ஆமாப்பா, இல்லேன்னா நீ ஒரு வளைவைக்கூடத் தாண்டியிருக்க முடியாது” என்றேன். மறுபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வலது கையால் தள்ளிப் பார்க்கப் போனான்.