சந்தோஷம்: ஒரு சொல் விளக்கம்

நாகர்கோவிலில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போதே சிறுபயறு வறுக்கும் வாசம் கிளம்பிவிடும். பக்கத்து வீட்டு டீச்சர் முந்திரிக்கொத்து செய்ய உட்கார்ந்தால் உருண்டை பிடிக்க நானும் போவேன். வறுத்து உடைத்த பயறு, தேங்காய்த் துருவல், ஏலக்காய், வெல்லப்பாகு. சூடு ஆறுவதற்குள் பிடித்தாக வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். போன வருஷம் அப்படிக் கை சுடச்சுடப் பிடித்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் கேட்டார்: "ஒனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம் உண்டா மக்ளே?"

அது வெறும் நலம் விசாரிப்பு இல்லை. சபையில் சாட்சி சொல்கிறவர்கள் "சந்தோஷமும் சமாதானமும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். இயேசுவை அறிந்தவர்களுக்குத்தான் அது முழுசாகக் கிடைக்கும் என்பது டீச்சரின் நம்பிக்கை. நான் கிறிஸ்தவன் இல்லை. என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், பாசத்தில் கேட்கிறார். "உண்டு டீச்சர்" என்றேன். அவர் முகத்தில் அந்தப் பதில் முழுதாக இறங்கவில்லை. அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறவன் நான். ஒரு சொல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால் அதை விட்டுவிட்டுத் தூங்க முடியாது. அதனால் இந்த விளக்கம்.

சந்தோஷம் வடமொழியிலிருந்து வந்த சொல். 'துஷ்' என்பது வேர். அமைதியடைதல், 'போதும்' என்று மனம் ஆறுதல் என்பது அதன் பொருள். முன்னால் நிற்கும் 'ஸம்' என்பதற்கு 'முழுவதும், நன்றாக' என்று கொள்ளலாம். ஆக, முழுவதும் ஆறிய மனம். 'செவ்வாய் தோஷம்' என்கிறோமே, அந்தத் தோஷத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது. அது 'து' ஒலி தடித்து வரும் வேறு வேர், குற்றம் என்று பொருள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் குழப்பம் வருகிறது. சந்தோஷத்தின் நிஜமான உறவுக்காரர்கள் வேறு: சிவனுக்கு வழங்கும் ஆசுதோஷன் என்ற பெயர், அதாவது சீக்கிரம் மனம் குளிர்கிறவன்; பரிசைக் குறிக்கும் பாரிதோஷிகம். தமிழில் ஷகரத்துக்கு டகரம் போடும் பழைய முறைப்படி 'சந்தோடம்' என்று எழுதினார்கள். இன்று பேச்சை ஒட்டிப் பலர் 'சந்தோசம்' என்கிறார்கள். எப்படி எழுதினாலும் ஊரில் இந்துப் பிள்ளைகளிலும் கிறிஸ்தவப் பிள்ளைகளிலும் சந்தோஷ் என்று பெயருள்ளவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சொல்லைத் தூக்கி வளர்த்தவர்களைப் பாருங்கள். பதஞ்சலி தன் யோக சூத்திரத்தின் இரண்டாம் பகுதியில் ஐந்து நியமங்களை, அதாவது தன்னளவில் பழகும் ஒழுக்கங்களை, சொல்லும்போது தூய்மைக்கு அடுத்ததாக வைப்பது சந்தோஷத்தை. அதிலிருந்து நிகரில்லாத சுகம் கிடைக்கும் என்று தனியாக ஒரு சூத்திரமும் எழுதியிருக்கிறார். அவருக்குச் சந்தோஷம் தானாக வந்து மோதுகிற உணர்ச்சி இல்லை, பல் தேய்ப்பதுபோல் தினமும் பழகவேண்டிய ஒன்று. பௌத்தர்கள் பாலி மொழியில் இதையே 'சந்துட்டி' என்றார்கள். நோயின்மை பெரிய பேறு, சந்துட்டி பெரிய செல்வம் என்கிறது தம்மபதம். "போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், "வேண்டாமை அன்ன விழுச்செல்வம்" என்று வள்ளுவர் சொல்வதும் இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

அப்புறம்தான் வேதாகமத் தமிழ். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் வருகிறது. டீச்சர் வீட்டுக் காலண்டரிலும் அந்த வசனம்தான். கத்தோலிக்கர்கள் இப்போது வாசிக்கும் மொழிபெயர்ப்பில் அதே இடம் "மகிழுங்கள்" என்று இருக்கும். மூலத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல் 'கைரோ'. எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று இதில் உண்டு. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே, தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கிரேக்கர்கள் சொன்ன வணக்கச் சொல்லும் அதுதான்: 'கைரே', சந்தோஷமாக இரு. உயிர்த்தெழுந்த இயேசு பெண்களுக்கு எதிர்ப்பட்டபோது சொன்னதாக மத்தேயு எழுதுவதும் அந்தச் சொல்லே. தமிழில் அங்கே "வாழ்க" என்று போட்டிருக்கிறார்கள், எவ்வளவு பொருத்தம்! சந்தையில் மீன் வாங்க வந்தவர்கள் சொல்லிக்கொண்ட சொல்லைத்தான் அவரும் சொன்னார்.

சமாதானமும் இப்படித்தான். 'சேர்த்து வைத்தல்' என்பது அதன் அடிப்படை. யோகத்தில் வரும் சமாதி அதன் உடன்பிறப்பு. நம் ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்துவைப்பதற்கும் சமாதானம் என்றுதான் பெயர்.

இயேசு மலைமேல் சொன்ன போதனையான மலைப்பிரசங்கத்தில் வருகிற சொல் கொஞ்சம் வேறு வகை. "பாக்கியவான்கள்" என்பது பழைய மொழிபெயர்ப்பு, "பேறுபெற்றோர்" என்பது புதியது. பாக்கியம் என்றால் பங்காக வந்தது; பேறு என்றால் பெற்றது. இரண்டிலும் கொடுக்கும் கை ஒன்று இருக்கிறது. மூலத்திலுள்ள 'மக்காரியோஸ்' கடவுளரின் குறையற்ற வாழ்வோடு பழைய கிரேக்கம் சேர்த்துப் பேசிய சொல். மனிதர் தம் வாழ்க்கையை நன்றாக வாழ்ந்து அடையும் மேன்மைக்கு அரிஸ்டாட்டில் எடுத்தாண்ட 'யூடைமோனியா' புதிய ஏற்பாட்டில் எங்குமே வராது. சபை 'பெற்றதை' முன்னால் வைத்தது, அரிஸ்டாட்டில் 'வாழ்ந்ததை' முன்னால் வைத்தார். டீச்சருக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற தூரம் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கிற தூரம்தான் என்று நினைக்கிறேன்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? யாரைக் கேட்டாலும் 'மகிழ்ச்சி' என்பார்கள். பேச்சுக்கு அது சரி. ஆனால் வேரைப் பார்த்தால் அது சந்தோஷத்துக்கு எதிர்த் திசையில் கிடக்கிறது. சங்கப் பாட்டில் 'மகிழ்' என்பது கள்ளையும் கள் தரும் மயக்கத்தையும் குறிக்கும். அரசன் காலையில் கள்ளோடு வீற்றிருக்கும் அவைக்கு 'நாள்மகிழ் இருக்கை' என்று பெயர். களிப்பும் கள்ளின் வீட்டுப் பிள்ளையே. அதனால்தான் "சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு" அளவு கடந்த கோபத்தைவிடக் கெட்டது என்று வள்ளுவர் எச்சரிக்கிறார். மகிழ்ச்சி தலைக்கு ஏறுவது, ஏறியது இறங்கும். சந்தோஷத்தின் வேரோ ஆறுவது. நூற்றாண்டுகள் ஓடி இன்று மகிழ்ச்சி சாந்தமாகிவிட்டது, வாழ்த்து அட்டையில்கூட உட்கார்ந்துவிட்டது. அந்தப் பயன்பாட்டை யாரும் மாற்ற வேண்டாம். 'நிம்மதி'யும் இருக்கிறது, கன்னடத்திலும் தெலுங்கிலும் 'நெம்மதி' என்று வழங்குகிறது. தொல்லை விட்ட பிறகு வருகிற மூச்சு அது. சந்தோஷத்தில் பாதிதான்.

உவகையைச் சொல்லாமல் போகக்கூடாது. மனத்தின் உணர்வு உடம்பில் தெரிவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. அந்த மெய்ப்பாடு எட்டில் கடைசியாக வைப்பது உவகை. அது எதிலிருந்து பிறக்கும் என்றும் சொல்கிறது: "செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே". நுகரக் கொஞ்சம் வசதி, அறிவு, காதல், விளையாட்டு. நான்கே நான்கு. இதை முதன்முதலில் படித்தபோது அன்று முழுக்க இந்த வரியோடுதான் திரிந்தேன். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் ஒரு நூல், மனிதனுக்கு உவகை வரும் வாசல்களை எண்ணும்போது வீட்டையும் ஏட்டையும் துணையையும் ஆற்றங்கரை ஆட்டத்தையும் காட்டுகிறது. "அல்லல் நீத்த" என்ற அடைமொழியையும் விடக்கூடாது. எவருக்கும் துன்பமில்லாமல் வந்தால்தான் அது உவகை என்று நான் அதை வாசிக்கிறேன். "ஈத்துவக்கும் இன்பம்" என்று குறளில் வருவதும் இந்த உவப்புதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தெரு முழுக்கத் தட்டு தட்டாகப் பலகாரம் கொடுத்துவிட்டு டீச்சர் திண்ணையில் வந்து உட்கார்வாரே, அப்போது அவர் முகத்தில் இருப்பதற்கு வேறு பெயர் கிடையாது.

ஆனாலும் என் ஓட்டு 'நிறைவு' என்ற சொல்லுக்கு. 'மனநிறைவு' என்று நீட்டினாலும் சரி. முழுவதும், போதும், ஆறிய மனம் என்ற மூன்றையும் இந்த ஒரு சொல் தாங்கும். நிறை என்றால் நிரம்புதல். நிறைகுடம், நிறைமதி, பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கிய நிறைசூலி. நிறை என்றால் எடை, கனம். நிறை என்றால் தன்னைத் தான் காத்து நிற்பதும்கூட. "நிறையுடைமை நீங்காமை வேண்டின்" என்று பொறையுடைமை அதிகாரத்தில் வருவது அந்தப் பொருளில். நிரம்பியது, கனமுள்ளது, சிந்தாமல் நிற்பது என மூன்றும் ஒரே சொல்லில். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறைநாழி வைப்பார்கள். நாழியில் நெல்லைத் தலைதட்டாமல் கூம்பாகக் கொட்டுவார்கள். ஒரு மணி கூடப் போட்டால் சரிந்துவிடும் என்கிற அளவில் நிற்கும். மணமேடையில் யார் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் என் கண் அதன் மேல்தான் இருக்கும்.

நிறைவை ஒரு மனிதன் தன் வாயால் சொன்ன இடம் ஒன்று உண்டு. புறநானூறு 191. பிள்ளைகளோடு பகைத்து, கோப்பெருஞ்சோழன் உறையூரை விட்டு வந்து வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் உட்கார்ந்து, உயிர் விடுகிறான். அவனை ஒருநாளும் பார்த்திராத பாண்டிநாட்டு நண்பர் பிசிராந்தையார் அவ்வளவு தூரம் வந்து சேர்கிறார். வயது இவ்வளவு ஆகியும் நரை இல்லையே, எப்படி என்று அங்கிருந்தவர்கள் கேட்கிறார்கள். அவர் சொல்லும் காரணங்கள்: மாண்புள்ள மனைவி, நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், கெடுதல் செய்யாமல் காக்கும் அரசன், இவற்றுக்கெல்லாம் மேலே, "ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் யான் வாழும் ஊரே". பண்பு நிறைந்து அடங்கிய பெரியவர்கள் பலர் என் ஊரில் இருக்கிறார்கள் என்கிறார். பட்டியல் அவ்வளவுதான். தெய்வத்தை மறுக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. இதைச் சொன்னவர் நண்பனைத் தொடர்ந்து தானும் வடக்கிருந்து மாண்டார். துக்கம் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் நின்று சொன்னதால்தான் அந்த நிறைவை நான் நம்புகிறேன். என் அப்பா இறந்த வருஷத்திலும் என் வீட்டில் அது வற்றிப்போகவில்லை. ராத்திரி அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு, மகள் தமிழ்ப் பாடத்தை உரக்க வாசிக்க, நான் தாளில் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருப்பேன். வேறெதுவும் வேண்டும் என்று தோன்றாத நேரம் அது.

எழுதுகிறவர்களுக்கு என் யோசனை இது. பேச்சிலும் கதை உரையாடலிலும் சந்தோஷம் சந்தோஷமாகவே இருக்கட்டும், அது நம் வீட்டுச் சொல்லாகி நெடுநாள் ஆயிற்று. நல்ல செய்தி கேட்டுத் துள்ளினால் மகிழ்ச்சி. கொடுத்தோ கூடியோ கற்றோ வந்தால் உவகை, உவப்பு. வாழ்க்கையை மொத்தமாகப் பார்த்துச் சொல்வதானால் நிறைவு.

இதையெல்லாம் டீச்சரிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. உருண்டைகளை மாவில் முக்கி எண்ணெயில் விடும்போது துண்டு துண்டாகச் சொன்னேன். மூன்று மூன்றாகச் சேர்த்துப் போடுவோம், திராட்சைக் கொத்துபோல் ஒட்டிக்கொண்டு வரும். பெயரில் இருக்கிற முந்திரி அந்தத் திராட்சைதான். பிசிராந்தையார் பாட்டுக்கு வந்ததும் அவரே தொடங்கிவிட்டார். பள்ளியில் எனக்கு அதை நடத்தியவரே அவர்தான். "யாண்டு பலவாக நரையில ஆகுதல்" என்று தொடங்கி, "மக்களும் நிரம்பினர்" என்ற இடத்தில் நிறுத்தி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அந்தச் சொல்லை மட்டும் ஒருமுறை சொன்னார்.

"முப்பது வருஷம் நடத்தின பாட்டு மக்ளே. கடைசி அடி என்ன, சொல்லு பாப்போம்."

சொன்னேன். "அந்தச் சான்றோர்ல நீங்களும் உண்டு டீச்சர்" என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் ஒனக்காக ஜெபம் பண்ணுகத நிறுத்த மாட்டேன் கேட்டியா" என்றார்.

"நிறுத்தாதீங்க டீச்சர்."

"சரி, அடுத்ததப் போடு. எண்ணெய் காயுது."