டார்ச் லைட்: சொல்லும் செல்லும்

டார்ச் லைட் என்பது கையில் பிடித்துக்கொண்டு போகும் பேட்டரி விளக்கு. பேச்சில் டார்ச்சு, பேட்டரி லைட்டு. யாழ்ப்பாணத்தார் எழுத்தில் ரோச் லைற். நல்ல தமிழில் கைவிளக்கு, இன்னும் திருத்தமாக மின்கைவிளக்கு. அகராதிக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தச் சொல்லுக்குள் கிடக்கும் சங்கதி கொஞ்சம் அதிகம்.

டார்ச் ஆங்கிலேயருக்கே இரவல் சொல்தான். லத்தீனில் 'தொர்க்குவேரே' என்றால் முறுக்குவது. நாரை முறுக்கி மெழுகிலோ கீலிலோ தோய்த்துக் கொளுத்திய பந்தத்துக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் ஆங்கிலத்துக்கு வந்து டார்ச் ஆனது. இதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் டார்ச்சர். அதில் முறுக்கப்படுவது மனிதன். தண்டையார்பேட்டையில் ஒருவர் “சும்மா டார்ச்சர் பண்ணாதப்பா” என்று சலித்துக்கொண்டே டார்ச்சைத் தேடினால், அவர் வாயில் வருவது ஒரே குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள்.

அமெரிக்கர்கள் இதை டார்ச் என்பதில்லை, பிளாஷ் லைட் என்பார்கள். குழாய் வடிவ டார்ச்சுக்கு டேவிட் மிசெல் என்பவருக்கு அங்கே 1899 ஜனவரி 10 அன்று காப்புரிமை கிடைத்தது. அன்றைய கார்பன் இழை பல்பும் வலுவற்ற செல்லும் சேர்ந்து தொடர்ந்து எரிய முடியாது. பளிச்சென்று ஒரு தடவை அடித்து, அணைத்து, மறுபடி அடிக்க வேண்டும். பெயர் அதனால் வந்தது. நமக்கோ பிளாஷ் என்றால் கேமரா. வெள்ளைக்காரன் விட்டுப்போன டார்ச்சையே வைத்துக்கொண்டோம். அது மட்டும் போதாதென்று பின்னால் ஒரு 'லைட்'டும் ஒட்டினோம், 'நடுசென்டர்' மாதிரி. இதில் தப்பொன்றும் இல்லை. வெறும் டார்ச் என்றால் பந்தமா பேட்டரியா என்ற குழப்பம் ஆங்கிலத்தில் உண்டு, நம் 'டார்ச் லைட்'டில் இல்லை.

தமிழில் பந்தத்துக்குச் சொல் பஞ்சம் கிடையாது. தீவட்டி, கொள்ளி, தீப்பந்தம் எல்லோரும் அறிந்தவை. சூள் என்றொரு பழஞ்சொல் உண்டு. மலையாளத்தில் காய்ந்த ஓலையைக் கட்டிக் கொளுத்துவது சூட்டு. சங்கப் பாட்டில் கொள்ளிக்கட்டைக்கு ஞெகிழி என்று பெயர். இன்று பிளாஸ்டிக்குக்கு நாம் வைத்திருக்கும் பெயர் நெகிழி. ஐம்பது ரூபாய் பிளாஸ்டிக் டார்ச்சை எந்தப் பெயரில் அழைத்தாலும் பொருந்திவிடும் போலிருக்கிறது! ஆனாலும் மின்பந்தம், மின்சூள் என்றெல்லாம் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. பந்தம் என்றால் எண்ணெய் வாசமும் சாமி புறப்பாடும் நினைவுக்கு வரும். கைவிளக்கு அப்படியில்லை, கையோடு வரும் எந்த விளக்குக்கும் இடம் கொடுக்கும் சொல். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 'கைவிளக்கேந்திய காரிகை' ஆனபோது அந்த அம்மாள் கையில் பேட்டரி இருந்ததில்லை. இனம் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் முன்னால் 'மின்' போட்டுக்கொள்ளலாம்.

பொதுவாக நம் ஆட்கள் டார்ச்சை ரகம் பிரித்தது பெயரால் அல்ல, எண்ணிக்கையால். ரெண்டு செல், மூணு செல், அஞ்சு செல். சில ஊர்களில் கட்டை என்பார்கள். ஒவ்வொரு செல்லும் 1.5 வோல்ட். கூடக் கூட நீளமும் எடையும் வெளிச்சமும் கூடும், கடையில் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. வடசென்னைக்கு இந்தச் செல்லோடு நேரடி உறவும் உண்டு. எவரெடியின் பேட்டரி ஆலை பல பத்தாண்டுகள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்தான் இருந்தது. ஒன்பது என்ற எண்ணுக்குள் பூனை பாயும் அந்தச் சிவப்புச் செல்லைத் தெரியாத வீடு இங்கே இருந்திருக்காது.

பழைய பித்தளை டார்ச் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிக்கல் பூச்சு பிடிமானத்தில் தேய்ந்து மஞ்சளாகியிருக்கும். வழுக்காமலிருக்க உடம்பெல்லாம் வரிவரியாகக் கோடு. தள்ளினால் நின்று எரியும் சுவிட்ச், அதன் பக்கத்திலேயே அமுக்கும்போது மட்டும் எரியும் பொத்தான். 1899-இன் 'பளிச்' அந்தப் பொத்தானில் மிச்சமிருக்கிறது. பின்மூடியைத் திருகினால் ஸ்பிரிங். சிலவற்றில் அதற்குள்ளேயே உபரி பல்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். தலையைத் திருகினால் வெளிச்சம் குவியும், விரியும். செல் தீரத்தீர ஒளி வெள்ளையிலிருந்து மஞ்சள், அப்புறம் செம்மஞ்சள் என்று இறங்கும், வீட்டுக்குப் போய்ச் சேர அவகாசம் கொடுக்கும். தீர்ந்த செல்லை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். இது மூடநம்பிக்கை இல்லை, சூட்டில் உள்ளே வேதிவினை சற்று வேகம்பிடிக்கும். மறந்துபோய் மாதக்கணக்கில் செல்லை உள்ளேயே விட்டால்தான் வினை. துத்தநாக உறை கரைந்து ஒழுகி, பித்தளையில் பச்சை பூத்து, மூடி பிடித்துக்கொள்ளும்.

அந்தச் செல்லின் மேலேயே 'ஹெவி டியூட்டி' என்று அச்சிட்டிருப்பார்கள். துத்தநாக குளோரைடு செல்லுக்கு விற்பவர்கள் வைத்த பட்டம் அது. அதற்கும் முந்திய ரகத்தோடு ஒப்பிட்டால் நியாயம், அல்கலைன் செல்லுக்கு முன்னால் எடுபடாது. இதைக் 'கனரக' என்று மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கனரகத்தை எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு விட்டுவிடுங்கள். டார்ச்சுக்குக் கெட்டி என்பதே சரி. “கெட்டியான டார்ச்சா குடு” என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் சரியானதை எடுத்து வைப்பார்.

கெட்டி டார்ச்சுக்கு உலகம் அறிந்த பெயர் மேக்லைட். கலிபோர்னியாவில் அந்தோனி மேக்லிகா 1979-இல் கொண்டுவந்த அலுமினிய டார்ச். மூன்று பெரிய செல் போட்டால் முக்கால் கிலோவைத் தாண்டும். அமெரிக்க போலீஸ் இதை வெளிச்சத்துக்கும் லத்திக்கும் சேர்த்தே வைத்திருந்தது. தமிழில் டார்ச்சை நாம் 'அடிக்க'த்தானே செய்கிறோம்!

சரி, எல்இடி. பாடப்புத்தகம் ஒளி உமிழ் டையோடு என்கிறது. பொருள் பிசகாத பெயர்தான், கடையில் கேட்கத்தான் வாய் வராது. நீல எல்இடியை ஜப்பானிய அறிவியலாளர் நாகமுரா 1993-இல் பிரகாசமாக எரியவைத்த பிறகே வெள்ளை எல்இடி சாத்தியமானது. 2014-இல் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் நோபல் கிடைத்தது இதற்காகத்தான். இழை பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கும். எல்இடி அதே மின்சாரத்தில் பல மடங்கு ஒளி தரும். அதனால்தான் 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒற்றை லித்தியம் செல், பழைய அஞ்சு செல்லை வெட்கப்பட வைக்கிறது. செல்லை எண்ணி ரகம் சொன்ன வழக்கம் இதோடு ஒழிந்தது. இப்போது பெட்டியில் லூமென், அதாவது மொத்தம் எவ்வளவு ஒளி வரும் என்ற கணக்கு, போடுகிறார்கள், மலிவுச் சரக்கில் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். எத்தனை மீட்டர் எட்டும் என்பதற்கு மட்டும் ஓர் உருப்படியான அளவுகோல் உண்டு: 0.25 லக்ஸ், அதாவது ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம் வரை குறையும் தூரம்.

எல்லாவற்றிலும் புதுசே மேல் என்றும் சொல்ல மாட்டேன். விடியுமுன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். செவுள் ரத்தச் சிவப்பா, பழுப்பா என்பதில்தான் விலையே. மலிவு எல்இடியின் நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் சிவப்பு குறைவு, நல்ல வஞ்சிரத்தின் செவுளும் மங்கித் தெரியும். பழைய மஞ்சள் பல்பில் சிவப்பு சிவப்பாகவே தெரியும். நிறத்தை நேர்மையாகக் காட்டும் எல்இடிகளும் உண்டு, விலைதான் கூட. இன்னொன்று, அதே துறைமுகத்தில் எல்இடி என்றால் டார்ச்சை விட வேறொன்றுதான் முதலில் பேச்சில் வரும். கடலுக்குள் விளக்குப் போட்டு மீனை ஈர்த்துப் பிடிப்பதை ஒன்றிய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது, அந்தச் சச்சரவு.

செல்லுக்கு நேர்ந்ததுதான் வேடிக்கை. “கடைக்குப் போய் ரெண்டு செல் வாங்கிட்டு வா” என்று இன்று சொன்னால் பையன் திகைப்பான். செல் போட்ட டார்ச் போய், டார்ச் போட்ட செல் வந்துவிட்டது. 2016 டிசம்பரில் வர்தா புயலடித்து மின்சாரம் போனபோது பலர் கையில் இருந்தது இந்த டார்ச்தான். சார்ஜ் தீர்ந்ததும் விளக்கோடு போனும் சேர்ந்து அணைந்தது. தனி டார்ச் ஒன்று வீட்டில் இருப்பதற்கு இது போதுமான காரணம்.

பித்தளை டார்ச்சைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய பல்பின் அளவிலேயே எல்இடி பல்பு கிடைக்கிறது, செல் எண்ணிக்கைக்கு ஏற்றதாகக் கேட்டு வாங்கி மாட்டலாம். ஒன்று மட்டும் கவனம்: இழை பல்பு செல்லை எல்லாம் தலைகீழாகப் போட்டாலும் எரிந்தது. எல்இடி ஒரு டையோடு, மின்சாரத்தை ஒரு திசையில்தான் விடும். எரியவில்லை என்று பல்பைக் குறை சொல்வதற்கு முன் செல்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.